மீன் தொட்டிக்கு மேக்ரோ லென்ஸ்: விலையோடு இடைவெளியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அலங்கார மீன் வளர்ப்போருக்கான புகைப்படக் குறிப்புகள் வந்திருந்தன. தண்ணீர்த் தெளிவு, கண்ணாடிச் சுத்தம் பற்றிச் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் லென்ஸ் வாங்குவது பற்றி ஒரே வரிதான் இருந்தது: இருப்பதிலேயே விலை குறைந்த மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) போதும் என்று. அதை நம்பி 30, 35, 40 மி.மீ. லென்ஸ் வாங்குகிறவர்களுக்குப் பணம் வீண்; லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவில் அவை தரும் இடைவெளி தொட்டிக்குப் போதாது. களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை வட்டாரத்தில் மொட்டை மாடியிலும் கார் ஷெட்டிலும் மீன்குஞ்சு பொரிக்கவைத்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி தமிழக-கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் விற்கும் குடும்பங்கள் உண்டு. படம் தெளிவில்லை என்றால் விலை படியாது. அவர்கள் தவறான லென்ஸில் காசைப் போடக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில், மேக்ரோ லென்ஸ் தேவையா என்பதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் அகலத்தைப் படம் பிடிக்க வேண்டிய பொருளின் அகலத்தால் வகுத்தால் தேவையான உருப்பெருக்கம் வந்துவிடும். கேனன் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார் வகை) கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 22 மி.மீ. அகலம், நிக்கான், சோனியில் 23.5 மி.மீ.; ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் வகை) 36 மி.மீ. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மிஸ் கேரளா மீன் 11 செ.மீ. வளர்ந்திருந்தால், அது படத்தை முழுக்க அடைத்துக்கொள்ள 22-ஐ 110-ஆல் வகுத்த 0.2 மடங்கு போதும். கேமராவோடு வரும் கேனன் 18-55 எஃப் 3.5-5.6 எஸ்டிஎம் லென்ஸே (எஃப் என்பது ஒளி நுழையும் துளையின் அளவு) 0.36 மடங்கு தரும். 6 செ.மீ. கோமாளி மீனுக்கும் அதுவே ஏறக்குறைய எட்டிவிடும். எனவே முழு மீனைக் காட்டி விற்க மட்டும் நினைப்பவர் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மேக்ரோ தேவைப்படுவது ஒரு செ.மீ.கூட வராத பவள மொட்டின் (பவளத்தின் ஒவ்வொரு தனி உயிரின்) வாய், மீனின் கண், துடுப்பில் தொடங்கும் வெண்புள்ளி நோய், ஓட்டில் ஒட்டிய கோமாளி மீன் முட்டை போன்றவற்றுக்கு. அந்த முட்டை 2 முதல் 3 மி.மீ. நீளம்தான். இட்ட புதிதில் ஆரஞ்சு நிறமாக இருக்கும்; பொரியும் நாள் நெருங்க நெருங்க உள்ளே வெள்ளிப் புள்ளியாகக் கண்கள் மினுங்கும். அந்தக் கண்ணைப் படத்தில் காட்ட 1:1 வேண்டும். அதாவது பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் சென்சாரில் விழ வேண்டும்.

இங்கேதான் விளம்பரத் தாள் நம்மை ஏமாற்றுகிறது. லென்ஸ் விவரத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் லென்ஸின் முனையிலிருந்து அளந்தது இல்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளந்தது. கேமராவின் மேல்புறத்தில் வட்டத்தைக் கோடு வெட்டுவதுபோல ஒரு குறி இருக்குமே, அதுதான் அளவின் தொடக்கம். நிக்கான் 40 மி.மீ. எஃப் 2.8 டிஎக்ஸ் மைக்ரோ லென்ஸுக்கு 16.3 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். அதில் சென்சாருக்கும் மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வாய்) இடையே 4.65 செ.மீ., லென்ஸின் நீளம் ஏறக்குறைய 6.5 செ.மீ., கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது குழல் வெளியே நீள்வது இன்னும் கொஞ்சம் என்று எல்லாம் கழிந்துபோய், லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் இடையில் மிஞ்சுவது 3.5 செ.மீ.தான். வண்ணத்துப்பூச்சியையோ மோதிரத்தையோ எடுக்க அது பரவாயில்லை. தொட்டியில் கண்ணாடி ஒன்று நடுவில் நிற்கிறது. அதைத் தாண்டிக் கையைக் கொண்டுபோக முடியாது.

தண்ணீர் இதில் கொஞ்சம் உதவி செய்கிறது. ஒளி விலகலால் தண்ணீருக்குள் இருப்பது உண்மைத் தூரத்தில் நாலில் மூன்று பங்கில் இருப்பதாகத் தோன்றும். லென்ஸுக்கும் அப்படியே. 8 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 5 மி.மீ. போலத்தான் கணக்கில் வரும். லென்ஸ் முனையைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, கையில் இருக்கும் இடைவெளியில் 5 மி.மீ. கழித்து, மீதியை 1.33-ஆல் பெருக்கினால் 1:1-இல் எவ்வளவு உள்ளே எட்டலாம் என்று தெரியும். மேலே சொன்ன 40 மி.மீ. லென்ஸ் தண்ணீருக்குள் 4 செ.மீ.தான் எட்டும். கண்ணாடியில் ஒட்டிய நத்தையை எடுக்கலாம், வேறொன்றும் இல்லை. சோனி 30 மி.மீ. எஃப் 3.5, கேனன் இஎஃப்-எஸ் 35 மி.மீ. எஃப் 2.8 ஆகியவற்றின் இடைவெளி இன்னும் குறைவு. இந்த 35 மி.மீ. லென்ஸின் முகத்திலேயே சின்ன எல்இடி விளக்கு இருக்கிறது. தொட்டிக் கண்ணாடி முன் அதைப் போட்டால் விளக்குதான் படத்தில் விழும்.

கேனன் இஎஃப்-எஸ் 60 மி.மீ. எஃப் 2.8 லென்ஸுக்கு முனையிலிருந்து சுமார் 9 செ.மீ. இடைவெளி கிடைக்கும். தண்ணீருக்குள் 11 செ.மீ. எட்டலாம். முன்வரிசைப் பவளங்களுக்குப் போதும். ஏபிஎஸ்-சி கேமராவோடு சிறிய தொட்டிக்கு இது நல்ல லென்ஸ். அதற்கு மேல் 90 முதல் 105 மி.மீ. வரையுள்ளவைதான் மீன் தொட்டிக்கான உண்மையான தேர்வு. ஆனால் அவையும் ஒன்றுபோல இல்லை. டாம்ரான் 90 மி.மீ. எஃப் 2.8, 272ஈ என்ற பழைய மாடல், 1:1 வரும்போது குழல் 5 செ.மீ. அளவுக்கு வெளியே நீளும். அதனால் 29 செ.மீ. என்று எழுதியிருந்தாலும் முனையில் மிஞ்சுவது 10 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. டோக்கினா 100 மி.மீ. எஃப் 2.8-உம் இப்படி நீளும் வகைதான். கேனன் இஎஃப் 100 மி.மீ. எஃப் 2.8 யுஎஸ்எம், 2000-இல் வந்த, எல் என்ற விலை உயர்ந்த வரிசையைச் சேராத பழைய லென்ஸ், உள்ளேயே ஃபோகஸ் ஆகும், குழல் நீளாது. 31 செ.மீ.யில் சென்சார்-மவுண்ட் தூரம் 4.4-உம் லென்ஸ் நீளம் 11.9-உம் கழித்தால் கிட்டத்தட்ட 15 செ.மீ. மிஞ்சும். 2006-இல் வந்த நிக்கான் ஏஎஃப்-எஸ் 105 மி.மீ. விஆர் லென்ஸும் இதே கணக்கு. இந்த இரண்டும் 8 மி.மீ. கண்ணாடி தாண்டி 19 செ.மீ. தண்ணீருக்குள் 1:1 தரும். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் நடுப்பாறை வரை எட்டுவதற்கு அருகில் வந்துவிடும்.

குழல் நீளாததில் இன்னொரு வசதி உண்டு. லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூடை (மறைப்பு வளையம்) கண்ணாடியில் அழுத்திவைத்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பலாம். கேமரா அசையாது, அறையின் பிரதிபலிப்பும் உள்ளே வராது. நீளும் லென்ஸில் திருப்பத் திருப்ப முனை கண்ணாடியைத் தள்ளும், நாம் பின்னால் நகர வேண்டும். எங்கள் தீர்ப்பு இதுதான்: பழைய கேனன் 100 மி.மீ. யுஎஸ்எம் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் கேனன்காரர்கள் வேறு எதையும் தேட வேண்டாம். கேனனின் புதிய வகையான மிரர்லெஸ் ஆர்எஃப் கேமரா வைத்திருப்பவர்களும் அடாப்டர் போட்டு இதே லென்ஸை ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம்.

பணத்தை எங்கே மிச்சப்படுத்தலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கை நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அது நம் கையை நிறுத்தும். நீந்தும் மீனை நிறுத்தாது. மீனை நிறுத்துவது 1/200, 1/250 நொடி ஷட்டர் வேகம் மட்டுமே. 1:1-இல் அந்த வசதியின் பலனும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆட்டோஃபோகஸும் அப்படித்தான். கண்ணாடிக் கீறலையும் மிதக்கும் தூசியையும் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓடும். வளையத்தைக் கையால் ஓரிடத்தில் வைத்துவிட்டு, கேமராவை மெல்ல முன்பின் நகர்த்தி எடுப்பதே தொட்டி முன் பலன் தரும் முறை. எனவே நிக்கான் டி3500, டி5600 போன்ற ஃபோகஸ் மோட்டார் இல்லாத கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் ஆகாத பழைய டி வகை லென்ஸைப் பயந்து ஒதுக்க வேண்டாம். ஒளி அளவீடு அதில் வேலை செய்யும். ஆட்டோஃபோகஸ் ஆகாத காரணத்தால்தான் இவை மலிவாகவும் கிடைக்கின்றன.

லென்ஸே வாங்காமல் ஆரம்பிக்க ஒரு வழி உண்டு. கையில் 55-250 அல்லது 70-300 ஜூம் இருந்தால் அதன் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர் 150 என்ற குளோஸப் லென்ஸைக் கவ்வவிடலாம். 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில் அது மாட்டும். இதன் சக்தி 4.8 டயாப்டர் (ஒளியைக் குவிக்கும் திறனின் அலகு), 1000-ஐ 4.8-ஆல் வகுத்தால் குவியத் தூரம் 208 மி.மீ. என்று வரும். ஜூமை முடிவிலியில் ஃபோகஸ் செய்து வைத்தால் பொருள் முனையிலிருந்து சுமார் 20 செ.மீ.யில் தெளிவாகும். தண்ணீருக்குள் 27 செ.மீ. எட்டும்! 250 மி.மீ.யில் உருப்பெருக்கம் 1.2 மடங்கு. 8 டயாப்டர் கொண்ட டிசிஆர் 250 மாடலைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது பூச்சி எடுப்பவர்களுக்கு. இடைவெளி 12 செ.மீ.க்குச் சுருங்கிவிடும், தொட்டிக்கு 150-தான் பொருத்தம். இதில் குறையும் உண்டு. ஃபோகஸ் ஆகும் தூர வரம்பு மிகக் குறுகியது, அருகிலும் தொலைவிலும் நகர இடமில்லை. படத்தின் மூலைகள் கொஞ்சம் மங்கும். பவளத்துக்குப் பிரச்சினையில்லை, ஓடும் மீனுக்குப் பொறுமை வேண்டும். மேக்ரோ 1:2 என்று பட்டை போட்ட பழைய டாம்ரான் 70-300 ஜூமும் மலிவான துணைதான். 95 செ.மீ. தள்ளி நின்றே பாதி அளவு கிடைக்கும். ஒளி பட்ட விளிம்பில் ஊதா நிறம் கசியும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்கலாம்.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் செருகும் எக்ஸ்டென்ஷன் டியூப், லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் இரண்டும் இருப்பதிலேயே மலிவு. தொட்டிக்கு இரண்டும் சரிவராது. 50 மி.மீ. லென்ஸோடு 36 மி.மீ. டியூப் போட்டால் இடைவெளி சில செ.மீ.தான். மின்தொடர்பு இல்லாத மலிவு டியூபில் கேனன் லென்ஸின் துளை முழுக்கத் திறந்தே நிற்கும், நிக்கானின் துளை வளையம் இல்லாத ஜி வகை லென்ஸில் முழுக்க மூடியே நிற்கும். திருப்பி மாட்டிய லென்ஸின் பின்புறம் உப்புத் தண்ணீர்த் தெறிப்புக்கு நேரே காட்டிக்கொண்டிருக்கும். செல்போனில் கவ்வும் 10 மடங்கு, 15 மடங்கு லென்ஸ்களும் இடைவெளியில் தோற்றுவிடும். கண்ணாடியில் ஒட்டியிருப்பதற்கு மட்டும் உதவும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனைகளைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. எல்லைக்கு அந்தப் பக்கமும் ஈரம்தான். அலமாரிக்குள் தோல் பையில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பது அரிது. லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து கிளைவிட்டுப் போனால் பூஞ்சை, வாங்காதீர்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலை இல்லை. அடுத்து கேமராவில் மாட்டி, எஃப் 11 வைத்து வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். பழைய கேனன் லென்ஸ்களில் துளையை இயக்கும் பட்டை வயர் அறுந்திருந்தால், முழுத் துளையில் ஒழுங்காக வேலை செய்து, துளையைச் சுருக்கியவுடன் எர்ரர் 01 காட்டும். விற்பவர் எஃப் 2.8-இல் மட்டும் படம் எடுத்துக் காட்டினால் அது போதாது. நீளும் லென்ஸ் என்றால் 1:1 வரை நீட்டிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடக் கூடாது. ஃபில்டர் மாட்டும் மரை நசுங்கியிருந்தால் ரேனாக்ஸும் ரப்பர் ஹூடும் மாட்டாது. கடைசியாக ஒரு ஸ்கேலை எடுத்து 1:1-இல் படம் பிடித்து, இருபுறமும் எண்கள் ஒரே தெளிவில் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்திருக்கலாம்.

லென்ஸ் கைக்கு வந்த பிறகு முதலில் தடுமாறுவது தெளிவின் ஆழத்தில். ஏபிஎஸ்-சி கேமராவில் 1:1, எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் பகுதி ஒரு மி.மீ.கூட இராது. சோவாந்தஸ் என்ற பவள வகை மொட்டின் வாயைக் கூர்மையாக்கினால் சுற்றியுள்ள இழைகள் கரைந்துவிடும்; இழையைப் பிடித்தால் வாய் போய்விடும். எஃப் 22-க்கு மூடினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். 1:1-இல் எஃப் 8 என்பது ஒளியளவில் எஃப் 16 போல வேலை செய்கிறது. அதற்கு மேல் மூட மூடப் படம் முழுவதும் மழுங்கும். எஃப் 8 முதல் 11 வரை நிறுத்திக்கொண்டு, மொட்டின் முகம் சென்சாருக்கு இணையாக வரும்படி கேமராவை நிறுத்துவதே நல்லது. ஆனால் லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும். சாய்ந்தால் கண்ணாடியும் தண்ணீரும் பட்டகமாக மாறி, விளிம்பில் நிறம் பிரியும். விலை உயர்ந்த லென்ஸும் அப்போது மலிவு லென்ஸ் போலத்தான் எடுக்கும். வளைந்த முகப்புத் தொட்டியில் இதைத் தவிர்க்க வழியே இல்லை.

எடுக்கும் முன் கண்ணாடியின் உள்பக்கத்தைக் காந்தச் சுரண்டியால் துடைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். வெளிப்பக்கத்துக்கு ஈரத் துணி போதும். அமோனியா கலந்த ஸ்ப்ரே தொட்டிப் பக்கமே வரக் கூடாது, மீனுக்கு விஷம். அறை விளக்கை அணையுங்கள். பவளம் எடுக்கும்போது அலை மோட்டாரையும், தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பையும் பத்து நிமிடம் நிறுத்தினால் மொட்டு அசையாது, தூசியும் படியும். போனில் அலாரம் வைத்துவிட்டு நிறுத்துங்கள். மறந்தால் ஆக்சிஜன் குறைந்து தொட்டியே போய்விடும்.

நீல விளக்கு தனிப் பிரச்சினை. பவளத் தொட்டி விளக்கில் 420 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீலம்தான் பெரும்பகுதி. பல கேமராக்களில் விளக்கின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை 10,000 கெல்வினோடு நின்றுவிடும். அதனால் படம் ஊதாக் குழம்பாக வரும். வெள்ளை பிவிசி துண்டு ஒன்றைப் பவளத்தின் பக்கத்தில், அதே விளக்கடியில் பிடித்துப் படம் எடுத்து, அதைக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக (நாமே அமைக்கும் வெள்ளைச் சமநிலை) பதியுங்கள். ரா (கேமரா சுருக்காத மூலப் பதிவு) கோப்பாகவே எடுங்கள். கேமரா திரையில் ஒளி அளவைக் காட்டும் மூன்று நிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் நீலக் கோடு வலது ஓரத்தில் முட்டினால் ஒளியைக் குறையுங்கள். வெடித்துப்போன நீலத்தைப் பின்னால் மீட்க முடியாது. விளக்கிலேயே நீலத்தைக் குறைத்து வெள்ளையைக் கூட்ட முடிந்தால் அதுவே எல்லாவற்றையும்விட எளிது. விற்பனைப் படத்துக்கு வெள்ளை விளக்கில் எடுத்த ஒரு படமாவது சேர்த்து அனுப்புவது நியாயம். நீல ஒளியில் பச்சைத் தீயாக மின்னுவது பகல் வெளிச்சத்தில் பழுப்பாக இருக்கும். வாங்கியவர் பையைப் பிரித்ததும் கேட்கும் கேள்விக்குப் பதில் இராது. ஃப்ளாஷ் போடுபவர்கள் கேமரா தலையில் மாட்டாமல், தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடித் தட்டின் மீது வைத்து டிரிகரால் இயக்க வேண்டும்.

நல்ல லென்ஸ் கையில் இருக்கிறதென்று கடலில் இருந்து பவளம் கொண்டுவரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாறை கட்டும் கடினப் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. உயிருள்ளதோ, கரையில் ஒதுங்கிய செத்த துண்டோ, எடுப்பதும் விற்பதும் குற்றம். கோமாளி மீனைத் தொட்டியிலேயே பெருக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞம், மண்டபம் மையங்களில் உருவாக்கித் தந்திருக்கிறது. படம் எடுக்க அந்த மீன்களே போதும்.

இனி லென்ஸ் பற்றிய குறிப்பு வெளியிடும்போது, முனையிலிருந்து பொருள் வரையுள்ள இடைவெளியையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம். வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புத் தொட்டி முன் எடுத்து முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழலைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். பிறகு ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும்படி மூடி வையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது. வாணலியில் மெல்லிய தீயில் நீலம் திரும்பும் வரை சூடாக்கி, ஆறிய பின் மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
தொட்டி மீன் வளர்க்கும் வாசகர்கள்,
களியக்காவிளை.